மின்கலக் கோவை

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன், கலிப்பாவும் வெண்பாவும் விடுத்து, தச்சன் கையிலுள்ள துளைப்பொறியின் மின்கலத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு இவ்விதழின் அன்பர்கள் வியப்புறலாம். எம் ஆசிரியர் ஒருவர்கூட, "இதற்கு இயற்பியல் துறையார் இல்லையா?" என்று நகைத்துக் கேட்டார். இயற்பியல் துறையார் உளர். என்னினும் நன்றாக எழுதவும் வல்லர். ஆயினும் இப்பொருளை யான் கற்றது வகுப்பறையில் அன்று. என் தாய்மாமனுடைய பிழைப்பு இதனோடு கட்டுண்டிருந்த ஒரு நாளில், சிதம்பரத்துச் சிறு கடையொன்றின் பலகையருகே நின்று கற்றேன். கண்டதைக் கண்டவாறு எழுதுதல் தமிழ் மாணவனுக்கும் உரியதே என்னும் துணிவால் எழுதுகின்றேன்.

மரத்திலும் தகட்டிலும் துளையிடுவதற்கும் திருகாணி முடுக்குவதற்கும் இக்காலத் தச்சர் பலர் கையாள்வது மின்வடம் இல்லாத துளைப்பொறி. அதனை அவர்கள் 'பேட்டரி மிஷின்' என்பர். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் இவ்வகைத் துளைப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நாளில் அதனுள் இருந்தவை நிக்கல்-காட்மியக் கலங்கள். எடை மிக்கவை, வலிமை குறைந்தவை. லித்தியம் அயனிக் கலங்கள் இக்கருவிகளுட் புகுந்தது 2005-ஆம் ஆண்டையொட்டியே. அதன் பின்னரே இக்கருவி நம் ஊர்த் தச்சர் கைக்கும் எட்டியது எனலாம்.

இந்தக் கலத்தின் வரலாறு பெரிது, சுருங்கச் சொல்வேன். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் என்பார் லித்தியம் அயனிகள் தகடுகளின் இடையே புகுந்து மீளும் முறையைக் காட்டினார். 1980-இல் ஜான் குடினஃப் என்பார் ஆக்ஸ்போர்டில் கோபால்ட் ஆக்சைடு கொண்டு அதன் வலிமையைப் பெருக்கினார். 1985-இல் ஜப்பானியராகிய அகிரா யோஷினோ அதனை அச்சமின்றிக் கையாளத்தக்க வடிவிற்குக் கொணர்ந்தார். 1991-இல் சோனி நிறுவனம் கடைக்கு அனுப்பியது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. நம் நாட்டிலோ, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-இலேயே அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 சனவரியில் அது திறக்கப்பெற்றது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அதற்கு ஈந்தார். கலங்களைப் பற்றிய கல்வி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன். கலத்தை நம்பிக் கஞ்சி குடிக்கின்ற தச்சனிடம் அக்கல்வி வந்து சேர்ந்ததா என்பது வேறு வினா.

என் மாமன் கடலூர் முதுநகரில் வாழ்பவர். தகரக் கூரை வேய்வதில் கைதேர்ந்தவர். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் மீள வாரக்கணக்கில் ஆயிற்று. அக்காலத்தில் அவரிடம் மின்கலக் கருவி இல்லை. கையாற் சுழற்றும் துளைக்கருவி கொண்டு தகடும் மரமும் துளைத்துக் கொக்கியாணி மாட்டினார். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் சென்றதாம். அந்த நாட்களின் நினைவாலேயே பின்னர்ப் பொருள் சேர்த்து ஒரு 18 வோல்ட்டுக் கருவியும் இரண்டு மின்கலப் பெட்டிகளும் வாங்கினார். ஒன்று வேலை செய்ய, மற்றொன்று மின்னேற்றத்தில் இருக்கும். இரண்டும் மாறி மாறி ஓடினால் வேலை நில்லாது.

2024-ஆம் ஆண்டில் மாமன் மூன்று திங்கள் நோயுற்று வீட்டிற் கிடந்தார். கருவி பரண்மேற் கிடந்தது. அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய வேளையில், நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. கூரை போனவர்கள் மாமனைத் தேடி வந்தனர். மூன்று திங்கள் வருவாயற்ற வீட்டுக்கு வேலை வாயிலில் வந்து நின்றது. ஆனால் மின்கலப் பெட்டி இரண்டும் உயிரற்றுக் கிடந்தன. ஒன்று பரண்மேற் கிடந்து மடிந்தது. மற்றொன்று, உறவினர் ஒருவர் இரவல் பெற்றுச் சென்ற இடத்தில் வெள்ளநீருள் ஒரு நாள் கிடந்தது. புதியது ஒன்றின் விலை மாமனுக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. அதுவும் வேலை உள்ள வாரத்துக் கூலி. விற்ற கடையார் "பழுது பார்ப்பதில்லை, மாற்றத்தான் வேண்டும்" என்றனர். பக்கத்துத் தெருவில் மற்றொருவர், "இருநூறு ரூபாய் கொடுங்கள், ஐந்தே நிமிடத்திற் கிளப்பித் தருகிறேன்" என்றார். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று சிதம்பரத்தில் இருப்பதாக உடன்வேலை செய்யும் கொத்தனார் சொல்ல, மாமனும் யானும் பேருந்தேறினோம்.

கடை, தேரோடும் வீதிகளுள் ஒன்றன் பின்புறச் சந்தில் இருந்தது. அகலம் ஆறடிக்கு மேல் இராது. கடைக்காரர் முப்பது வயதினர். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பாடம் முடித்தவர். பெட்டியின் அடியிலுள்ள நான்கு திருகாணிகளைக் கழற்றினார். அவை நாம் வீட்டில் வைத்திருக்கும் திருப்புளிக்கு அடங்காதவை. விண்மீன் வடிவத் தலையும் அதன் நடுவில் ஒரு முளையும் உடையவை. ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவனே அதனைத் திறவாதிருக்கும் பொருட்டு இத்தகைய தலை அமைப்பர் போலும்! அத்திருப்புளி இப்பொழுது எந்த வன்பொருள் கடையிலும் கிடைப்பது வேறு கதை.

உள்ளே பத்துக் கலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஆதலின் அதற்கு 18650 என்றே பெயர். இறுதியிலுள்ள சுழி, உருளை வடிவம் என்பதைக் குறிக்கும். ஒரு கலத்தின் இயல்பான அழுத்தம் 3.6 வோல்ட்டு, முழுதும் நிறைந்தால் 4.2. இரண்டிரண்டாகக் கலங்களை இணைசேர்த்து, அவ்விணைகள் ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தனர். ஐந்து 3.6 சேர்ந்து 18, நிறைந்தபோது 21. தொடர் இணைப்பு என்று பாடநூலிற் படித்ததை யான் 'கோவை' என்று குறித்துக்கொண்டேன். தில்லையில் நின்று கோவை என்ற சொல்லை நினைத்தால் மாணிக்கவாசகரின் நானூறு பாடல்கள் மனத்தில் எழுதல் எம் வகுப்பாருக்கு இயல்பு. கடைக்காரரோ 'சீரிஸ்' என்றார். அவருக்கு அதுவே போதும்.

அளவுமானியை இரு முனையிலும் வைத்தார். 16.7 வோல்ட்டு காட்டியது.

"பார்த்தாயா மாப்பிள்ளை, இவ்வளவு இருக்கிறதே! பின் ஏன் சார்ஜர் ஏற்க மறுக்கிறது?" என்று மாமன் என்னைப் பார்த்து வினவினார்.

கடைக்காரர், "அண்ணே, மொத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒவ்வோர் இணையாகப் பார்க்கவேண்டும்" என்று சொல்லி, முனையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். 3.9, 3.9, 3.9, 3.9 என்று நான்கு இணைகள் ஒழுங்காக நின்றன. ஐந்தாவது 1.1.

எட்டுக் கலங்கள் நலமாயிருக்க, இரண்டு மடிந்தமையால் பெட்டி முழுதும் குப்பையாகக் கருதப்பட்டது. இவ்விரண்டு மட்டும் மடிந்தது ஏன்? சில பெட்டிகளில், கலங்களைக் கண்காணிக்கும் சிறு மின்சுற்றுப் பலகை தனக்கு வேண்டிய மிகச் சிறு மின்னோட்டத்தை எல்லா இணைகளிலிருந்தும் எடாது, ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுமாம். நாளும் மின்னேற்றினால் இது தோன்றாது. மாமனைப் போல் மூன்று திங்கள் படுத்துவிட்டால், மற்றவை நிறைந்திருக்கையிலேயே அந்த ஓர் இணை வற்றிப்போகும். அதன்பின் மின்னேற்றி அதனை ஏற்க மறுக்கும். மறுப்பது தவறன்று, அது செய்யவேண்டிய காவலையே செய்கிறது.

இவ்விடத்தில்தான் மாமனுக்கும் கடைக்காரருக்கும் வழக்கு எழுந்தது. பக்கத்துத் தெருக்காரர் சொன்ன 'ஐந்து நிமிட' முறையை மாமன் எடுத்துரைத்தார். நல்ல பெட்டி ஒன்றிலிருந்து இரண்டு கம்பிகளால் மடிந்த இணைக்கு வலிய மின் ஊட்டி, 3 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டால், மின்னேற்றி ஏமாந்து ஏற்றுக்கொள்ளும் என்பது அம்முறை. "நாளைக் காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் தகடு இறங்குகிறது, தம்பி. குழந்தைகளோடு பள்ளிக்கூடத்திற் படுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு ஓடினாற் போதும்" என்றார் மாமன். அவர் குரலில் இருந்தது சிக்கனம் அன்று. மூன்று திங்கள் கடன்.

கடைக்காரர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாது காரணமும் சொன்னார். கலத்தினுள் ஒருபால் செம்புத் தகடு இருக்கிறது. அழுத்தம் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே சென்று நெடுநாள் கிடந்தால் அச்செம்பு சிறிது சிறிதாகக் கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடங்களில் ஊசிபோற் படியும். அவ்வூசி இடைத்திரையைத் துளைத்தால், கலம் தனக்குள்ளேயே குறுக்கிணைந்து கொதிக்கும். உள்ளிருக்கும் நீர்மமோ எளிதில் தீப்பற்றுவது. அஃது அன்றே நிகழவேண்டும் என்பதில்லை. பத்தாம் நாள் நிகழலாம், நிகழாமலும் போகலாம். "கூரைமேல் உங்கள் கையில் இருக்கும்போது நேர்ந்தால் கீழே எறிந்துவிடுவீர்கள். இரவு சார்ஜில் இருக்கும்போது நேர்ந்தால், அண்ணே, வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருப்பீர்கள்" என்றார்.

மாமன் நெடுநேரம் பேசவில்லை. பின் "எவ்வளவு ஆகும்?" என்றார். இரண்டு புதுக் கலமும் கூலியும் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய். அதனை எண்ணிக் கொடுத்தது யான் கண்டேன். சட்டைப்பையில் எஞ்சியது பேருந்துக் கட்டணத்துக்குச் சிறிது மிகும்.

பழுதுபார்த்த முறையைச் சற்று விரித்துச் சொல்ல விழைகின்றேன். ஏனெனில் பலர் இதனை வீட்டிலேயே செய்யத் துணிகின்றனர். பழைய கலங்களை இணைத்திருந்த நிக்கல் பட்டையை இடுக்கியாற் சுருட்டிச் சுருட்டி உரித்தார். உலோகக் கருவியின் முனை இரண்டு இணைகளை ஒருங்கே தொடாதபடி மற்றவற்றின்மேல் காகித நாடா ஒட்டிக்கொண்டார். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் முன்னரே கழற்றி வைத்துவிட்டார். புதுக் கலம் இரண்டையும் நேரே பொருத்தவில்லை. மற்ற எட்டும் 3.9-இல் நிற்கின்றமையால், இவற்றையும் தனியே அவ்வளவுக்கு ஏற்றி நிறுத்தி, அதன் பின்னரே கோவையிற் சேர்த்தார். ஐவருள் ஒருவர் மிகையாயினும் குறையாயினும் கோவை ஓடாது.

ஈயப்பற்று வைக்கலாகாதா என்று யான் கேட்டேன். அச்சூடு கலத்தின் உள்ளே சென்று இடைத்திரையைக் கெடுக்கும் என்றார். அவர் கையாண்டது புள்ளிப்பற்று, அதாவது 'ஸ்பாட் வெல்டிங்'. இரண்டு செம்பு முனைகளைப் பட்டையின்மேல் அழுத்தி, ஒரு நொடியின் நூற்றிலொரு பங்கு அளவே பெருமின்னோட்டம் பாய்ச்ச, பட்டை கலத்தோடு ஒன்றுகிறது. கலத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு தெரியவில்லை. பட்டையிலும் போலி உண்டு. எஃகுக்கு நிக்கற் பூச்சிட்டதை நிக்கல் என்றே விற்பர். அதனைக் கீறி உப்புநீரில் இட்டு ஓரிரு நாள் வைத்தால் துரு ஏறிக் காட்டிக்கொடுக்கும். கடற்காற்று வீசும் நம் ஊர்களுக்கு இச்சோதனை மிகப் பொருந்துவது. முதுநகரில் உப்புநீரே தேவையில்லை, சன்னலில் வைத்தாற் போதும் என்று மாமன் சொன்னபோது அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

போலிக் கலங்களோ இன்னும் கொடியவை. 18650 அளவுக் கலத்தில், நம்பத்தக்க உற்பத்தியாளர் செய்பவற்றுள், 3,500 மில்லியாம்பியர்-மணி அளவே பெரும்பாலும் உச்சம். எடை 45 கிராம் அளவு. ஆனால் 9,900 என்று அச்சிட்ட கலங்களைச் சந்தையிற் காணலாம், கையிலெடுத்தால் இலேசாயிருக்கும். பெட்டிகளிலும் இவ்வாறே. '48', '88' என்ற எண்களோடு இரண்டு ஆங்கில எழுத்துச் சேர்த்து விற்கப்படும் மலிவுப் பெட்டியைத் திறந்தால், அதனுள்ளும் ஐந்தே கலக் கோவை. 21 வோல்ட்டுக்கு மேல் ஒரு துளியும் இல்லை. எண் என்பது கண் என்று படித்தவர்கள் நாம். இவ்வெண்கள் கண்ணைக் கட்டுவன. பழைய மடிக்கணினிகளிலிருந்து உரித்தெடுத்த கலங்களும் மலிவாகக் கிடைக்கும். அவை மெல்ல, நெடுநேரம் மின் தருவதற்கென்று செய்யப்பட்டவை. துளைப்பொறி தகட்டிற் கடித்து நிற்கும்போது கேட்பதோ இருபது முப்பது ஆம்பியர். அக்கலங்கள் அதனைத் தாங்கமாட்டாது சூடேறும். கைவிளக்கு செய்வதற்கு ஆகும், கருவிக்கு ஆகா.

எல்லாம் பொருத்திய பின்னும் கடைக்காரர் பெருமை பேசவில்லை. "எட்டுப் பழையது, இரண்டு புதியது. புதுப் பெட்டிபோல் உழைக்காது அண்ணே, ஓராண்டு ஓடினால் கொடுத்த காசு சரி" என்றார். சில பெட்டிகளில், பலமுறை மின்னேற்றம் தவறியபின் பலகை தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் என்றும், அவற்றுட் கலத்தை மாற்றினாலும் பயனில்லை என்றும் கூறினார். மாமனின் பெட்டி அவ்வகையினது அன்று. மின்னேற்றியிற் செருகியவுடன் பச்சை விளக்குச் சிமிட்டத் தொடங்கியது. காவலுக்கு வைத்த பலகை, கலம் நலமான பின்னும் கதவைத் திறவாதிருத்தல் எவ்வகைக் காவல் என்பது எனக்கு விளங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இல் இயற்றிய மின்கல விதி, கருவியிலுள்ள மின்கலத்தை உரியவனே கழற்றி மாற்றத்தக்கதாய் அமைத்தல் வேண்டும் என்பதை 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. எனினும், பெட்டியினுள்ளே மடிந்த ஓர் இணையைப் பற்றி அவ்விதிக்கும் பெருங்கவலை இருப்பதாகத் தோன்றவில்லை.

வெள்ளத்திற் கிடந்த இரண்டாவது பெட்டியை அவர் திறக்கவே இல்லை. முனைகளில் வெண்பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. மூக்கருகே கொண்டுசென்றார், சற்று இனித்த, மருந்துபோன்ற நெடி. கலம் ஒன்று கசிகின்றது என்பதன் அடையாளம் அது என்றார். கடைக்குள் வைக்காமல், பின்புறத்தில் சுவரினின்று விலகி மணல் பரப்பிய சட்டியொன்றில் வைத்துவந்தார். மாமன் அதற்கும் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாதாடவில்லை. முன்னர்ச் செம்பைப் பற்றிக் கேட்டபோதே அவர் மனம் தெளிந்துவிட்டது போலும். "இதில் எட்டுக் கலமாவது தேறாதா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார், கடைக்காரர் தலையசைத்தார், அவ்வளவே.

அன்றிரவு முதுநகரில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்திலது. கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் பெட்டியை மின்னேற்றிக் கொடுத்தார். மறுநாள் ஏழு மணிக்கு மாமன் கூரைமேல் இருந்தார். பெட்டி ஒன்றே ஆதலால் நண்பகலில் அது தீர்ந்து, மீண்டும் ஏறும் வரையில் அவர் கீழே அமர்ந்திருக்க நேர்ந்தது. ஆயினும் மாலைக்குள் அவ்வீடு வேய்ந்தாயிற்று. அந்த வாரத்தில் நான்கு வீடுகள். இப்பொழுது வேலையில்லாத நாட்களிலும் திங்கட்கொரு முறை பெட்டியை எடுத்துப் பாதியளவு ஏற்றி வைக்கிறார். முழுதும் நிறைத்து வைப்பதும் முழுதும் வற்றவிடுவதும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னதைத் தவறாது செய்கிறார். நாட்காட்டியில் அந்நாளைக் குறித்துக் கொடுப்பது என் வேலை.

சென்ற கோடையில் ஒரு நூலின் பொருட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றபோது அச்சந்திலும் நுழைந்து வந்தேன். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடுவணரசு வெளியிட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மடிந்த கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கோ புதுப்பித்தலுக்கோ அனுப்புதல் உற்பத்தியாளரின் கடமை. கடைக்காரர் அவ்விதியை அறிந்தவர். ஒவ்வொரு கலத்தின் முனையிலும் நாடா ஒட்டி, மூடியிட்ட தகரப் பெட்டியொன்றில் அடுக்கி வைத்திருக்கிறார். எங்கள் பெட்டியில் மடிந்த இரண்டும் அதனுள் இருந்தன. பெட்டி முக்கால் நிறைந்துவிட்டது. அச்சந்துக்கு அதனைப் பெற்றுச் செல்ல யாரேனும் வந்தனரா என்று வினவினேன். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து எடைக்குக் கேட்டாராம். உடைத்தெரிப்பார் என்று அஞ்சிக் கொடுக்கவில்லையாம். "அடுத்த பெட்டி வாங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கோவையின் மூன்றாவது இணையை அளக்கத் தொடங்கினார்.